வாசலில் நின்று பதில் சொல்லச் சொன்னவர்

ஜெயராணி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அட்டை செய்யும் பெரிய மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். உருளை ஒன்றின் பேரிங் சத்தம் போடத் தொடங்கியிருந்ததால், காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே மெஷினை நிறுத்தி அதை மாற்றிக்கொண்டிருந்தோம். சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. கை முழுவதும் கிறீஸ் என்பதால் நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் வந்து குனிந்து, ஜெயராணி மிஸ் காலையில் எழும்பவில்லையாம், நித்திரையிலேயே போய்விட்டாராம், அவருடைய கணவர்தான் போனில் சொன்னார் என்றார். நான் "சரி" என்றேன். மிச்சமிருந்த போல்ட்டுகளை இறுக்கினேன். அதன் பிறகுதான் வெளியே வந்தேன். பைப்படியில் நின்று வெகு நேரம் கை கழுவியது நினைவிருக்கிறது.

இதை எழுதும் வரைக்கும் நான் அழவில்லை. மனுசன் கல்லு என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. அதை மறுத்துப் பேச எனக்கு இப்போது தெம்பில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் பாதி முகம் நம்முடையது இல்லை போலிருக்குமே, அந்த மாதிரி இருக்கிறது. சாப்பிடுகிறேன், வேலைக்கு வருகிறேன், பஸ்ஸில் யாராவது இடம் விட்டால் நன்றி சொல்கிறேன். எதுவும் உள்ளே போவதாகத் தெரியவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயில் அட்டைப்பெட்டி செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு ஜெயராணி முகாமையாளராக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைப் பொறியியலாளர்களையும் எங்கள் கன்டீனில் கூட்டிவைத்து அவர் நடத்திய கூட்டத்துக்கு வந்து போனவர்கள்தான் நீங்கள். படித்த படிப்பில் ஒருவரும் சொல்லித்தராத சங்கதிகளை அங்கே பேசினோம். மேலிடத்துக்குக் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, முடியாது என்பதை முகம் கோணாமல் எப்படிச் சொல்வது, பதவி உயர்வு நேர்முகத்தில் எப்படி வாய் திறப்பது, நேற்று வரைக்கும் பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்கு இன்றைக்கு எப்படி மேலதிகாரியாக இருப்பது. அடுத்த கூட்டத்தில் அவரைப் பற்றி யாராவது எழுதி வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்கள். பேசத் தெரியாதவனைப் பிடித்து எழுதச் சொன்னது நல்ல கெட்டித்தனம்.

அதே வாரம் பொது முகாமையாளரும் என்னைக் கூப்பிட்டார். ஜெயராணியின் கதிரையில் நான் உட்கார வேண்டும் என்றார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் மறுத்தால் கொழும்பிலிருந்து ஓர் ஆளை அனுப்புவார்களாம். அந்தக் கதிரைக்கு ஒரு காலத்தில் ஆசைப்பட்டவன் நான். கிடைக்காமல் போனபோது பொருமியவனும் நான்தான். இப்போது அது கேளாமலே வந்து நிற்கிறது, எனக்கு அதன் பக்கம் திரும்பப் பிடிக்கவில்லை. நான் அதற்கு ஏற்ற ஆளா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியவர் ஜெயராணி ஒருவர்தான். அவரிடம் கேட்க முடியாது என்பதால், அந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஜெயராணி பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து மலையில் வேலை செய்தவர்கள். இதை அவர் மறைத்ததும் இல்லை, மேடை போட்டுச் சொன்னதும் இல்லை. பொறியியல் முடித்து எங்கள் தொழிற்சாலைக்கு அவர் வந்தபோது நான் பராமரிப்புப் பகுதியில் பழைய ஆள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, இந்த ஊர்க் குளிருக்குப் பழகி, இந்த ஊர்ப் பேச்சுக்கு மட்டும் பழகாமல் இருந்தேன். வந்த நாளிலிருந்து என்னை "சேர்" என்பார். பிறகு எனக்கு மேலே போனார். அப்போதும் அதை மாற்றவில்லை. முகாமையாளர் என்னை சேர் என்று கூப்பிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டதற்கு, மற்றவர்களுக்கு நினைக்க வேறு வேலை கொடுங்கள் என்றார்.

பழைய முகாமையாளர் ஓய்வு பெற்ற நேரம், அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் நம்பினேன். அது அவருக்குப் போனது. வாழ்த்துச் சொல்கிற சாட்டில் அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் இல்லாத என்ன உங்களிடம் இருக்கிறது என்று நேரடியாகவே கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள், இல்லாவிட்டால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். ஜெயராணி எழுந்து மேசையைச் சுற்றி வந்து, எனக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"கோவப்படாதீங்க சேர். ஒங்களுக்கு மெஷின் எல்லாம் தெரியும். மனுசங்களுக்கு ஒங்களத் தெரியாது. இத்தன வருசம் கூட வேல செஞ்சும் எனக்கே தெரியல."

இது தொழிற்சாலை, கலியாணம் பேசுகிற இடமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் சிரித்துவிட்டார். அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனதோ என்னவோ, பிறகு பல கூட்டங்களில் என் பெயரைச் சொல்லாமல் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவும் மாட்டார். யார் சொன்னது என்று உங்களுக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அவர் கொண்டுவந்த வழக்கங்களில் எனக்கு அறவே பிடிக்காதது வாசல் ஆள். பெரிய மெஷின் நின்றால் முன்பெல்லாம் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற பொறியியலாளர்கள் எல்லோரும் அதற்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். விற்பனைப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து எப்போது சரியாகும் என்று கேட்பார். பெட்டி ஏற்ற வந்த லொறிக்காரர் கேட்பார். பொது முகாமையாளர் வந்து கேட்பார். உள்ளேயிருந்து, பார்க்கிறோம் என்று ஒரு குரல் வரும். பார்க்கிறோம் என்பதுதான் நம்முடைய குலத்தின் மந்திரம். கேட்டவர்கள் போகாமல் அங்கேயே நிற்பார்கள், குரல் உயரும், கடைசியில் மெஷின் சரியான பிறகும் ஒருவரோடொருவர் பேசாமல் வீட்டுக்குப் போவோம்.

ஜெயராணி சொன்ன ஏற்பாடு இதுதான். மெஷின் நின்றதும் ஒரு பொறியியலாளர் அதை விட்டு விலகி, மண்டபத்து வாசலில் போய் நிற்க வேண்டும். கையில் ஸ்பெனர் இருக்கக் கூடாது. காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்வது மட்டும்தான் அவருக்கு வேலை. அதற்குக் கற்றுக்குட்டியைப் போடாமல், இருப்பவர்களில் அதிகம் தெரிந்தவரையே போட வேண்டும் என்றார். முதல் தடவை நீராவிக் குழாய் கசிந்து மெஷின் நின்றபோது, என் கையிலிருந்த ஸ்பெனரை வாங்கிப் பக்கத்தில் நின்ற ரிஸ்வானிடம் கொடுத்துவிட்டார். ரிஸ்வான் கட்டுகஸ்தோட்டை ஆள், எனக்குக் கீழே இருந்த பொறியியலாளர், வேலையில் கை சுத்தமானவர். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுக்கிற நேரத்தில் பாதியில் நான் செய்து முடிப்பேன் என்று ஜெயராணியிடம் சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்துகொண்டே என்னை வாசலுக்கு அனுப்பினார்.

வாசலில் முதலில் வந்தவர் லொறிக்காரர். வழக்கம்போல, பார்க்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றிருந்த ஜெயராணி மெதுவாகச் சொன்னார்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லுங்க சேர். ஆனா எப்ப தெரியும்னு சொல்லுங்க."

எனக்கு இப்போது தெரியாது, மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்களிடம் வந்து சொல்கிறேன் என்று லொறிக்காரரிடம் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு தடவை. அவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். விற்பனைப் பகுதி ஆளும் அப்படியே போனார். என் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு ஒரு மனுசர் அமைதியாகிப் போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அது வேலை செய்தது என்பதில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

மெஷின் சரியாக நான் நினைத்ததை விட நேரமெடுத்தது. பின்னேரம் அவரிடம் போய், நான் உள்ளே இருந்திருந்தால் இவ்வளவு நேரம் போயிருக்காது என்று குத்திக்காட்டினேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இனிமேல் நீங்கள் லீவு எடுத்தாலும் அந்தக் குழாயைச் சரிசெய்ய ரிஸ்வானுக்குத் தெரியும் அல்லவா என்று கேட்டார். அந்த வருடம்தான் நான் முதல் தடவையாக நல்லூர்த் திருவிழாவுக்கு முழு வாரம் ஊருக்குப் போய் நின்றேன். ஒரு நாள் கூடத் தொழிற்சாலையிலிருந்து போன் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

அவரைத் தெய்வமாக்கி எழுதினால் அவருக்கே பிடிக்காது. ரிஸ்வானின் விஷயத்தில் அவர் நன்றாகச் சறுக்கினார். ரிஸ்வானுக்குப் பதவி உயர்வு நேர்முகம் வந்தபோது, சனிக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பழக்கினார். பாய்லர் புகைபோக்கியில் வீணாகிற சூட்டைத் திருப்பிப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்துச் செய்தவர் ரிஸ்வான். ஆனால் அதைச் சொல்லச் சொன்னால், நாங்க செஞ்சோம், டீமா செஞ்சோம், மத்தவங்கதான் கூடுதலா செஞ்சாங்க என்று நெளிவார். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. தன் வேலையைத் தன் வேலை என்று சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும் என்று வளர்க்கப்பட்டவர்கள். ஜெயராணி விடவில்லை. பக்கத்து மேசையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறும் வரைக்கும், நான்தான் செய்தேன் என்று அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ரிஸ்வான் நேர்முகத்தில் தேறி, உற்பத்திப் பகுதிக்குப் பொறுப்பாளரானார்.

அதோடு அவருடைய நிம்மதி போயிற்று. லீவு கேட்டு வருகிறவர்கள், ஒருவர் மேல் ஒருவர் கோள் சொல்ல வருகிறவர்கள், ஓவர்டைம் ஏன் அவருக்கு மட்டும் என்று சண்டைக்கு வருகிறவர்கள். முகம் கறுத்து, ஆள் இளைத்துப்போனார். பழைய வேலைக்கே விடுங்கள் என்று ஜெயராணியிடம் இரண்டொரு தடவை கேட்டார். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தார் ஜெயராணி. ஒரு திங்கட்கிழமை ரிஸ்வான் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பின்னேரம் ஜெயராணி என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனார்.

ரிஸ்வானுடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றார். பிறகு ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "எனக்கு ஏலா மிஸ். ஆக்களப் பாக்குற வேல எனக்கு சரிவரல்ல. ராவெல்லாம் தூக்கம் இல்ல."

ஜெயராணி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, தைரியமும் சொல்லவில்லை. ரிஸ்வானுடைய மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "தப்பு என்னோடது. மேல போறதுதான் முன்னேத்தம்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவருக்கு வேணுமான்னு கேக்கவே இல்ல."

அதற்குப் பிறகு அவர் பொது முகாமையாளரோடு மல்லுக்கட்டினார். ஆள் நிர்வாகம் இல்லாமல், வேலைத் திறமைக்காகவே ஒருவர் முகாமையாளருக்குச் சமமான தரத்துக்குப் போக வழி வேண்டும் என்றார். எங்கள் கம்பனியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்கள். வழக்கம் இல்லாவிட்டால் ஆரம்பிப்போம் என்றார். அது நடக்க வெகு காலம் பிடித்தது, ஆனால் நடந்தது. இன்றைக்குப் பல்லேகலயில் எந்தத் தொழிற்சாலையில் பாய்லர் மக்கர் பண்ணினாலும் ரிஸ்வானைத்தான் தேடுகிறார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது வேறொன்று. அன்றைக்கு ரிஸ்வான் வீட்டிலிருந்து பஸ் எடுக்கப் பாலத்தடிக்கு நடந்து வரும்போது, இனிமேல் யாரையும் ஒரு கதிரையில் போய் உட்காருங்கள் என்று தானாகச் சொல்லப்போவதில்லை என்று ஜெயராணி என்னிடம் சொன்னார். சொன்னபடியே நடந்தார். அதற்கு முன்னால், சேர் நீங்களும் ஒரு நாள் மேலே வர வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். அந்த நாளுக்குப் பிறகு ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. ஆகவே இந்தப் பதவி விஷயத்தில் அவர் என்ன சொல்வார் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. நிறைய தடவை முயன்று பார்த்துவிட்டேன்.

செத்தவீட்டுக்கு வருகிறேன். கட்டுகஸ்தோட்டையில் மேட்டுக்கு ஏறும் ஒழுங்கையில் அவருடைய வீடு. அன்றைக்கு விடாத மழை. வெள்ளைக்கொடிகள் நனைந்து தொங்கின. எங்கள் தொழிற்சாலை வேனிலிருந்து இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பொறியியலாளர்கள். நீங்களும் உங்கள் உங்கள் தொழிற்சாலைகளிலிருந்து வந்திருந்தீர்கள். உள்ளே போய் அவரைப் பார்த்தோம். அவருக்கு மஞ்சள் நிறச் சேலை உடுத்திவிட்டிருந்தார்கள். அவருடைய கணவர் செல்வகுமாரின் கையைப் பிடித்தோம். வெளியே வந்தோம். அதன் பிறகு நாங்கள் செய்ததை யாராவது எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

முற்றத்தில் கட்டியிருந்த தறப்பாளில் மழைத் தண்ணீர் தேங்கித் தொந்தி மாதிரித் தொங்கியது. ரிஸ்வான் அதைக் கண்டதும் கயிறு கேட்டார், மூங்கில் கேட்டார், தண்ணீரைத் தள்ளிவிட்டுச் சரிவு வைத்து மறுபடி கட்டினார். இன்னொருவர், ஒழுங்கையில் ஏறுகிற வாகனமும் இறங்குகிற வாகனமும் முட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு, மேலே ஓர் ஆளையும் கீழே ஓர் ஆளையும் நிறுத்திப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். வேறொருவர் நனைந்துகொண்டிருந்த மின்சார வயரை உயர்த்திக் கட்டினார். எனக்குத் தண்ணீர் மோட்டர் கிடைத்தது. கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். குசினியில் பெண்கள் பைப்பில் தண்ணீர் வரவில்லை என்று பேசியது காதில் விழுந்ததும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குப் பின்னால் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தினேன். மோட்டரில் காற்றுப் பிடித்திருந்தது. வாளியில் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றி ஓட விட்டேன்.

தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றேன். பின்கதவு வழியாகப் பார்த்தால் முன்மண்டபம் வரைக்கும் தெரியும். உள்ளே ஒரு பக்கம் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மற்றப் பக்கம் செல்வகுமார் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கதிரைகள், எல்லாம் காலி. அவ்வளவு ஒழுங்காக நடந்த செத்தவீட்டை நான் கண்டதில்லை. தறப்பாள் ஒழுகவில்லை, வாகனம் தடைப்படவில்லை, குசினியில் தண்ணீர் வந்தது. மனைவியை இழந்த மனுசனோடு மட்டும் ஒருவரும் இல்லை. அந்த வீட்டில் கழற்றிப் பூட்ட முடியாதது அவர் ஒருவர்தான், அதனால் நாங்கள் எல்லோரும் அவரை விட்டு விலகிச் சுற்றிப் போயிருந்தோம். ஜெயராணி எங்களுக்கு இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்ததை அவருடைய வீட்டு முற்றத்திலேயே மறந்திருந்தோம்.

போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போது தெரியும் என்றும் தெரியவில்லை. இருந்தாலும் போனேன். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செல்வகுமார் மாநகர சபையில் கிளார்க். கம்பனி ஒன்றுகூடல்களில் கண்டு தலையாட்டியதோடு சரி, நாங்கள் பேசிப் பழகியதில்லை. அவரும் அழவில்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். என் முகம் எப்படி இருந்ததோ அப்படியே அவருடைய முகமும் இருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"தண்ணி வந்திருச்சா சேர்?" என்று கேட்டார்.

"ஓம், வந்திட்டுது" என்றேன்.

பிறகு அவராகவே பேசினார். ஜெயராணி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பேசவே மாட்டாராம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாராம். என்ன விஷயம் என்று கேட்டால், அங்கே பேசியே முடிந்துவிட்டது செல்வா, இன்றைக்கு இனி வார்த்தை இல்லை என்பாராம். ஆரம்பத்தில் இவருக்கு மன வருத்தம். பிறகு பழகிவிட்டது. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பதே வழக்கமாகிவிட்டதாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காலையில இருந்து வாற எல்லாரும் அவ நல்லாப் பேசுவா, அவ பேசினா மனசு தெளிஞ்சிரும்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் கேட்டதே இல்ல சேர். அங்க அவ எப்புடிப் பேசுவா? கொஞ்சம் சொல்லுங்களேன்."

என் வாழ்க்கையில் ஒரு மனுசர் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எனக்கு முன்னால் மெஷின் இல்லை, திறந்து பார்க்க மூடி இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் நீராவிக் குழாய் கசிந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன். லொறிக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போனதைச் சொன்னேன். ரிஸ்வானைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததைச் சொன்னேன். ரிஸ்வானுடைய வீட்டில் அவர் மன்னிப்புக் கேட்ட விதத்தைச் சொன்னேன். அவர் எப்படிக் கையை மடித்து வைத்துக்கொண்டு கேட்பார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார், யாருக்காவது கோபம் வந்தால் எப்படி மேசையைச் சுற்றிப் பக்கத்தில் வந்து உட்காருவார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவையும் கவனித்து வைத்திருந்தேன் என்பது எனக்கே புதினமாக இருந்தது. கலியாணம் பேசுகிற இடமில்லை என்று நான் சொன்னதையும், அதை அவர் எத்தனையோ கூட்டத்தில் சொல்லிக் காட்டியதையும் சொன்னபோது, செல்வகுமார் வாய்விட்டுச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் வரும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன்.

எழும்பும்போது செல்வகுமார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பேசவே மாட்டீங்கன்னுதான் சேர் அவ சொல்லுவா."

"அவவுக்குத் தெரியாது" என்றேன். "எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

இதை எழுதி முடிக்கும் முன்பே, பொது முகாமையாளரிடம் நேற்றுச் சம்மதம் சொன்னேன். எனக்கு ஏலாவிட்டால் ரிஸ்வானைப் போல வெளிப்படையாக வந்து சொல்வேன், அப்போது என்னைத் திரும்ப மெஷினுக்கு விட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தேன். அவர் அதற்குச் சம்மதித்தார். நான் நல்ல முகாமையாளராவேன் என்று உங்களுக்கு வாக்குறுதி தர முடியாது. சனிக்கிழமைக் கூட்டம் நடக்கும். அதை நடத்துவது யார் என்று உங்களோடு பேசித்தான் முடிவு செய்வேன்.

என்னை எழுதச் சொன்னபோது, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டீர்கள். அவர் சொன்ன வார்த்தைகள் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன, அவற்றுக்கு நான் தனியாக உரிமை கொண்டாட மாட்டேன். எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான், அங்கே அவர் எப்படிப் பேசுவார் என்று ஒருவர் என்னிடம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வகுமார் எனக்குப் போன் பண்ணுகிறார். இன்னொன்று சொல்லுங்கள் சேர் என்கிறார். நான் கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். என்னைப் பற்றியும் அவர் கேட்கிறார், அதற்கும் பதில் சொல்கிறேன். வீட்டில் மனைவி எட்டிப் பார்த்து, இந்த மனுசனுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறாள்.

ஜெயராணியோடு அத்தனை வருடம் வேலை செய்தேன். வேலையைத் தவிர வேறெதையும் அவரிடம் நான் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன், கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.